முதல் ஸ்லைடில் யார் மாடு?

மருதுவுக்கு ஸ்லைடு என்றால் கண்ணாடிதான். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த ஸ்லைடு அது ஒன்றுதான். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. மாட்டின் காது நுனியில் ஊசியால் ஒரு குத்து குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதில் வாங்கி, இன்னொரு கண்ணாடியால் ஓர் இழுப்பு இழுத்துக் காயவைத்து மதுரைக்கு அனுப்பினால், அங்கே யாரோ அதைப் பெரிதாக்கிப் பார்த்து என்ன காய்ச்சல் என்று எழுதி அனுப்புவார்கள்.

ஆகவே, "உதவியாளர்கள் அனைவரும் தங்கள் ஓராண்டுப் பணியை விளக்கும் வகையில், பத்து ஸ்லைடுகளுக்கு மிகாமல், தாமே தயாரித்து எடுத்துக்கொண்டு 24ஆம் தேதி மதுரைக் கூட்டத்துக்கு வர வேண்டும்" என்று சுற்றறிக்கை வந்தபோது அவருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. மறுநாளே ஊருக்குள் போய்ப் பத்து மாடுகளைப் பிடித்துப் பத்துக் காதுகளிலும் குத்தினார். பத்துக் கண்ணாடிகளையும் பஞ்சு வைத்து ஒரு பெட்டியில் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, டாக்டர் சரண்யாதேவியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"பத்து ஸ்லைடு டாக்டரம்மா. மிகாமன்னு போட்டிருந்தாக. அதான் சரியாப் பத்து."

டாக்டருக்குச் சிரிக்க நேரமில்லை. மூன்று ஊர் மருந்தகங்களுக்கு அவர் ஒருவரே டாக்டர். வாசலில் ஒரு எருமை வேறு கத்திக்கொண்டிருந்தது.

"இது அந்த ஸ்லைடு இல்லண்ணே. கம்ப்யூட்டர் ஸ்லைடு. பவர்பாயிண்ட்."

மருது பெட்டியின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். "அதுல ரத்தத்தை எங்க தடவுறது?"

"ரத்தமே வேணாம்ணே. படமும் எழுத்தும் போதும். நான் செஞ்சு குடுத்துருவேன். ஆனா 'தாமே தயாரித்து'ன்னு கோடு போட்டு அனுப்பியிருக்காங்க. நீங்கதான் கத்துக்கணும்."

எடுத்த ரத்தத்தை வீணாக்க வேண்டாம் என்று டாக்டர் அந்தப் பெட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். பத்தில் ஒரு மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தது தெரியவந்து, ஊசி போட்டு, அது பிழைத்துக்கொண்டது. இந்த விவகாரம் முழுவதிலும் ஒரு மாட்டுக்கு உருப்படியான நன்மை நடந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

மருதுவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வீடு கோச்சடையில். தினமும் காலையில் மேலக்கால் வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு, சோழவந்தானைத் தாண்டி, வாடிப்பட்டிப் பக்கம் திரும்பி, புளியங்கரடு என்ற ஊரில் இருக்கும் மருந்தகத்துக்கு வருவார். அவருடைய அப்பா அடுத்தவர்களின் மாடுகளை மேய்த்தவர். சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. மருதுவிடமும் கிடையாது. ஆனால் புளியங்கரட்டில் உள்ள அத்தனை மாடுகளும் எப்போது பிறந்தன, எதற்கு எந்தக் காலில் உதைக்கும் பழக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாட்டைப் பார்த்து அவர் பயந்ததில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்தார். அதற்கு மூக்கணாங்கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

வாடிப்பட்டிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முத்துக்குமரன் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். காதுகுத்து பிளக்ஸ், பத்திரிகை, ஆதார் திருத்தம் எல்லாம் அங்கே நடக்கும். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய ஆட்டுக்கு ஒருமுறை மருது பிரசவம் பார்த்திருக்கிறார். அந்த விசுவாசத்தில், ஆள் வராத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார்.

"ரெண்டு தட்டு தட்டுங்கண்ணே. தெறந்துக்கிரும்."

மருது ஒரு தட்டு தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு இரண்டாவது தட்டு தட்டினார். திறக்கவில்லை. ஓர் ஊசி போட்டதும் மாடு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசியைக் கையில் எடுப்பது அவர் வழக்கம். அந்தப் பழக்கத்தை உடைக்க இரண்டு நாள் ஆனது.

"தம்பி, மவுசு மேசை முனைக்கு வந்திருச்சு. அம்பு இன்னும் பாதி தூரந்தான் போயிருக்கு. மேசையைக் கொஞ்சம் நீட்டணும்."

"மவுசைத் தூக்கி இந்தப் பக்கம் வச்சுட்டு மறுபடி இழுங்கண்ணே."

"தூக்கலாமா?"

"தாராளமாத் தூக்கலாம்."

தூக்கலாம் என்று தெரிந்த பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. புது ஸ்லைடு போடுவது, படத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது, மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது, எழுத்துப் பெட்டி வைப்பது. எழுத்துகளெல்லாம் புரிய வேண்டும் என்று முத்துக்குமரன் தன் கம்ப்யூட்டரிலும் மருந்தகத்து லேப்டாப்பிலும் மெனுவைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தார். மருது ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் அனிமேஷன் வந்தது.

"இந்தா பாருங்கண்ணே, மாட்டு மேல ஒரு கிளிக்கு. 'பறந்து உள்ளே வா'ன்னு இருக்குல்ல, அதுல ஒரு கிளிக்கு. இப்ப ஓட விடுங்க."

வெறும் நீலத் திரை. இடது பக்கத்திலிருந்து ஒரு ஜெர்சி மாடு நின்ற நிலையிலேயே, ஒரு காலைக்கூட அசைக்காமல், சர்ரென்று பறந்து வந்து நடுவில் நின்றது.

மருது நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மாடுகூடச் சொன்ன இடத்தில் இப்படி வந்து நின்றதில்லை.

"இன்னொருக்கா விடு தம்பி."

பதினோரு தடவை விட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் புளியங்கரட்டுக்காரர்கள். அவர்கள் வழியாகத்தான் விஷயம் ஊருக்குள் போனது.

போகும்போதே கொஞ்சம் வளர்ந்துகொண்டு போனது. மாடுகளை மதுரையில் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள் என்று ஆரம்பித்து, அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆள் வருகிறது என்று ஆகி, படத்தில் இல்லாத மாட்டுக்கு இனிமேல் கோமாரி ஊசி கிடையாதாம் என்பதில் போய் நின்றது. மறுநாள் காலையில் மருது செல்போனை எடுத்துக்கொண்டு மருந்தக வாசலுக்கு வந்தபோது வரிசை நின்றது. எல்லா மாடும் குளித்திருந்தது. கொம்புக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு கன்றுக்குட்டிக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். ஒருவர் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, "இது இல்லண்ணே, இதோட அம்மா. அது போன வருசம் செத்துப்போச்சு. படம் மட்டும் இருக்கு, சேத்துக்குவீகளா?" என்று கேட்டார்.

மருது நாற்பத்திரண்டு மாடுகளைப் படம் எடுத்தார். முதலில் எடுத்தது முனியாயியின் ஜெர்சி மாடு. அது ஆடாமல் அசையாமல் நிற்கும், அவ்வளவுதான் காரணம். அதையே முதல் ஸ்லைடில் வைத்தார். பத்துக்குள் அடக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, மாட்டுக்கு ஒரு ஸ்லைடாகப் போட்டுக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலமே விருமாண்டி வந்துவிட்டார். ஊரில் ஜல்லிக்கட்டுக் காளை வைத்திருப்பவர். அவர் காளை இதுவரை யார் கையிலும் பிடிபட்டதில்லை. வீட்டில் கட்டில் மூன்றும் பீரோ இரண்டும் அது வாங்கிக் கொடுத்தவைதான்.

"மருதண்ணே, என் காளை ஏழாவது ஸ்லைடுலயாம்ல?"

"ஆமாப்பா. படம் எடுத்த வரிசைப்படி வச்சிருக்கேன்."

"வாடிவாசல்ல என் காளை வருதுன்னா மத்ததெல்லாம் ஒதுங்கி நிக்கும். இங்க அதுக்கு முன்னாடி ஆறு மாடு போகுது. அதுலயும் மொதல்ல ஒரு பால் மாடு."

மருந்தகத்து லேப்டாப்பைத் திறந்து, மருது அவர் மனம் நோகாமல் முதல் ஸ்லைடிலேயே இரண்டு மாட்டையும் சேர்த்து வைக்கப் பார்த்தார். இடம் போதாமல் ஜெர்சியின் முகத்துக்கு மேல் காளையின் வால் விழுந்தது. சரிசெய்ய ரைட் கிளிக் செய்தார். விருமாண்டி குனிந்து மெனுவை வாய்விட்டுப் படித்தார்.

"'பின்னுக்கு அனுப்பு'ன்னு எழுதியிருக்கு. யார? என் காளையவா?"

"அது சும்மா இருக்குறதுப்பா. எல்லா மாட்டுக்கும் அப்படித்தான் வரும்."

"அனுப்பிப் பாருங்கண்ணே பாப்போம்."

மருது கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் செய்தி தெரிந்து முனியாயியும் வந்துவிட்டார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்ற நிற்பிலேயே தெரிந்தது, இது லேசில் முடியாது என்று.

"ஏண்ணே, தெனமும் இருவது லிட்டர் கறக்குற மாடு முன்னாடி நிக்கக் கூடாதா? வருசத்துல ஒரு நாள் ஓடுற மாடுதான் நிக்கணுமா?"

"அது ஒரு நாள் ஓடுறதுல ஒன் மாடு ஒரு அடி ஓடுமா?"

"அது எதுக்கு ஓடணும்? பாலைக் கறந்துட்டு ஓடணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்தகத்து முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்பத்திரண்டு மாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஊசி போடுவதற்காக மாட்டை நிறுத்தும் இரும்புச் சட்டத்துக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார் மருது. எல்லா ஸ்லைடையும் சின்னச் சின்னக் கட்டமாக ஒரே பக்கத்தில் காட்டும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் காட்டியதும் எல்லோரும் சட்டத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அத்தனை மாடும் கட்டம் கட்டமாக நின்றன. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் மருது கையில் விழுந்த கன்றுகள். அவரும் அப்படி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

அகர வரிசையில் வைக்கலாம் என்றார் ஒருவர். மாட்டுப் பெயருக்கா, ஆள் பெயருக்கா என்று இன்னொருவர் கேட்க, அதிலேயே அரைமணி நேரம் போனது. பால் கணக்கில் வைக்கலாம் என்றதும் காளைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். எடை போடலாம் என்றார்கள். வயது என்றார்கள். கடைசியில் முனியாயிதான் சொன்னார்.

"எனக்கும் வேணாம், அவுகளுக்கும் வேணாம். கோயில் காளைக்குக் குடுங்க மொத ஸ்லைடை."

கோயில் காளை யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வயலில் மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். அதற்கு எதிராக எவர் வாய் திறப்பார்? சரி என்றார்கள். ஆனால் இரண்டாவது யார் என்ற கேள்வி வந்தது. விருமாண்டி மருதுவைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டியாற வழி இருக்காண்ணே? ஒருத்தருக்கு முன்னாடி ஒருத்தர் இல்லாம?"

மருது நோட்டைப் புரட்டினார். பதினாறாம் பக்கத்தில் இருந்தது. "இருக்கு. 'முந்தையதுடன் சேர்ந்து'ன்னு ஒண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் அதையே குடுத்துட்டா நாப்பத்திரெண்டும் ஒரே நேரத்துல வந்துரும்."

"மேல யாரு, கீழ யாருன்னு வராதா?"

"எட்டுத் திசையிலருந்தும் விட்டுருவோம்."

கோயில் காளையைப் படம் எடுக்க மருது மூன்று நாள் அலைந்தார். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அது திரும்பிக்கொண்டது. வாழைத்தோப்புக்குள் ஒளிந்திருந்தும் பார்த்தார். நான்காம் நாள் தேதி நெருங்கிவிட்டதால், கிடைத்ததை வைத்துக்கொள்வோம் என்று பின்பக்கத்தையே ஒரு படம் எடுத்து, முதல் ஸ்லைடில் வைத்து, கீழே 'வணக்கம்' என்று எழுதினார்.

24ஆம் தேதி, மதுரையில் அலுவலகக் கூட்ட அறை. ஏசி குளிரில் மற்ற ஊர் உதவியாளர்கள் ஒவ்வொருவராகப் போய், திரையில் எழுதியிருந்ததைத் திரையைப் பார்த்தே வாசித்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். மேலதிகாரி ஒவ்வொருவருக்கும் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டும் சொன்னார். சரண்யாதேவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மருது போய், ஸ்லைடை ஓடவிடும் எஃப்5 பொத்தானைத் தட்டினார். கோயில் காளையின் பின்பக்கம் சுவர் அளவுக்கு வந்தது. கீழே வணக்கம். அறையில் யாரோ இருமினார்கள். அவர் அவசரமாக அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

லேப்டாப் உறுமத் தொடங்கியது. எட்டுத் திசையிலிருந்தும் நாற்பத்திரண்டு மாடுகளும் கிளம்பின. ஆனால் வந்து சேரவில்லை. ஓர் அங்குலம் நகர்வதும் நிற்பதும், மறுபடி ஓர் அங்குலம் நகர்வதுமாக வந்துகொண்டே இருந்தன. மேலே இருந்து நான்கு கால்கள் இறங்கின. மூலையிலிருந்து ஒரு கொம்பு நீண்டது. மூன்று நிமிடமும் முடிந்தது. நடுப்பாதையில் அத்தனையும் அப்படியே உறைந்து நின்றன. மாடு இப்படி நின்றால் வாலை முறுக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று நோட்டில் இல்லை. மருது இருக்கிற பொத்தான்களையெல்லாம் தட்டினார்.

திடீரென்று மாடுகள் மறைந்து கடைசி ஸ்லைடு வந்து நின்றது. அதில் மாடு எதுவும் இல்லை. பெரிய எழுத்தில், 'தலைப்பைச் சேர்க்க இங்கே சொடுக்கவும்' என்று மட்டும் இருந்தது. அந்த வாசகம் எல்லாப் புது ஸ்லைடிலும் தானாகவே இருக்கும், ஓடவிட்டால் மறைந்துவிடும். தான் எதையோ தவறாகத் தட்டியதால்தான் அது அழிந்துபோகிறது என்று பயந்து, கிளம்புவதற்கு முன்னால் மருது அதே வரியைத் தானே ஒருமுறை தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

மேலதிகாரி கண்ணைத் திறந்தார். அன்று முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது என்ன திட்டம்?"

அறை முழுவதும் பேனாக்களை எடுத்தது. சரண்யாதேவி தரையைப் பார்த்தார்.

"செஞ்சுக்கிட்டிருக்கோம் சார்," என்றார் மருது.

"எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்கு?"

"எழுவது சார்."

எழுபது என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய முப்பத்திரண்டு வருட அனுபவம். மேலதிகாரி தலையாட்டி, "மத்த ஊர்லயும் இது ஏன் ஆரம்பிக்கல?" என்று அறையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மாட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மருது பொய் சொல்லவில்லை. எல்லாம் நடுவில் நின்றுவிட்டது என்றார்.

"என் காளை?" என்றார் விருமாண்டி.

"பாதிதான் உள்ள வந்துச்சுப்பா."

"எந்தப் பாதி?"

"முன் பாதி."

விருமாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். முனியாயியின் மாட்டை நாலைந்து மாடுகள் மறைத்துவிட்டன, காதில் மாட்டிய நம்பர் வில்லை மட்டும்தான் வெளியே தெரிந்தது என்றார் மருது. "நம்பரு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார் முனியாயி. தெரிந்தது என்றதும், அது போதும் என்று பால் கறக்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. பொருள்: தலைப்புச் சேர்ப்புத் திட்டம், மாதாந்திர முன்னேற்ற அறிக்கை கோருதல். மொத்தக் கால்நடைகள், தலைப்பு சேர்க்கப்பட்டவை, நிலுவை, நிலுவைக்கான காரணம் என்று நான்கு கட்டம் போட்டிருந்தார்கள். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"என்னண்ணே பண்ணப்போறோம்?"

"சேத்துருவோம் டாக்டரம்மா. பெட்டி வைக்கத்தான் தெரியும்ல."

இப்படி ஒரு திட்டமே கிடையாது என்று டாக்டர் எங்கேயும் எழுதவில்லை. மேலே எழுதினால் அதற்கும் பத்து ஸ்லைடு கேட்பார்கள். அதனால் மாடு ஒன்றுக்கு ஒரு ஸ்லைடு, ஸ்லைடு ஒன்றுக்கு ஒரு தலைப்பு என்று மருது ஆரம்பித்தார். கோமாரி ஊசிக்கு மாட்டைக் கொண்டுவரும் நாளில், ஊசி போட்ட கையோடு உடையவரிடம் கேட்டுத் தலைப்பையும் போட்டுவிடுவார். ஊசிக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவர்கள்கூடத் தலைப்புக்காக வந்தார்கள். முனியாயி தன் மாட்டுக்கு 'யாரையும் உதைக்காதவள்' என்று போடச் சொன்னார்.

விருமாண்டி மட்டும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். காளையின் பெயர், அவருடைய பெயர், அப்பா பெயர், குலசாமி பெயர், அவிழ்த்துவிட்ட ஊர்கள், வென்ற பொருள்கள். மருது ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். தட்டத் தட்டப் பெட்டிக்குள் அடங்குவதற்காக எழுத்து தானாகவே சிறுத்துக்கொண்டே போனது. பாதிப் பக்கத்தில் மிளகு அளவு ஆனது. இரண்டாம் பக்கத்தில் கடுகு அளவு.

"இனிமே படிக்க முடியாதேப்பா. கொஞ்சம் கொறைச்சுக்குவமா?"

விருமாண்டி திரைக்கு மிகப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் உள்ள இருக்குல்லண்ணே?"

"இருக்கு."

"ஒரு எழுத்துகூட வெளிய போகலையே?"

"போகல."

"அப்ப இருக்கட்டும். படிக்கணும்னு நெனைக்கிறவன் கிட்ட வந்து படிக்கட்டும்."

மருது சேமித்தார். வெளியே அடுத்த மாடு இரும்புச் சட்டத்துக்குள் வர மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.